அடித்தல் திருத்தல்: தேர்வறையில் பேனாவும் பென்சிலும்

சென்ற கார்த்திகை மாதத்தில் அடுக்கம் சென்றிருந்தோம். பழனிமலைத் தொடரின் தென்சரிவில், பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாகப் பெருமாள்மலைக்கு ஏறும் பாதையில் உள்ள ஊர் அது. தமிழ் படித்தவர்களுக்கு அந்தப் பெயரே ஓர் இழுப்பு. சங்கப் பாடல்களின் குறிஞ்சித் திணையில் 'அடுக்கம்' என்ற சொல் மலைச்சாரலைக் குறித்துத் திரும்பத் திரும்ப வரும். ஏட்டில் மட்டும் படித்த சொல்லொன்று ஊராகவும் பேருந்து நிறுத்தமாகவும் எதிரே நிற்பதைக் காணும் மகிழ்ச்சிக்காகவே நாம் அங்குச் சென்றோம் என்றால் மிகையாகாது.

நம்மிடம் முன்பு படித்த மாணவர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். அவருடைய மகள் ஐந்தாம் வகுப்பு. திண்ணையில் அமர்ந்து, புதிதாக வாங்கிய பேனாவால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். நம் ஊர்ப் பள்ளிகளில் பெரும்பாலும் இந்த வயதில்தான் பிள்ளைகள் பென்சிலிலிருந்து பேனாவுக்கு மாறுகிறார்கள். அவளுக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை. நம்மைப் பார்த்துக் கேட்டாள்:

"பென்சில்னா தப்பை அழிச்சுக்கலாம். பேனான்னா அழிக்க முடியாது. பரீட்சையிலதானே சார் தப்பு நிறைய வரும்? அங்கே போய் எதுக்குப் பேனா?"

இருபது ஆண்டுகளாக விடைத்தாள் திருத்துகிற நமக்கு உடனே பதில் வரவில்லை. "அதுதான் விதி" என்று சொல்லியிருக்கலாம். விதி எப்படி வந்தது என்று அவள் அடுத்துக் கேட்பாள். ஊர் திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. எழுதுகோலின் வரலாற்றையும் தேர்வின் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது நமக்குத் தோன்றியவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

மணலில் கற்றோம், ஓலையில் வைத்தோம்

திண்ணைப் பள்ளியில் பிள்ளையின் முதல் எழுது பரப்பு மணல். விரலால் எழுதுவான், தவறினால் உள்ளங்கையால் ஒரு தடவல், எழுத்து போய்விடும். நூறு முறை தவறலாம், நூறு முறை அழிக்கலாம், செலவு ஒன்றுமில்லை. எழுத்து கைக்குப் படிந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும் அவனிடம் வரும்.

இந்த மணலெழுத்தின் புகழ் கடல் கடந்தது என்பது பலர் அறியாத செய்தி. 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் முறையையும் சேர்த்துக்கொண்டு, 1797-ல் இலண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் அது பரவியது. அங்கும் மணல் தட்டுகளில் பிள்ளைகள் எழுதி எழுதி அழித்தார்கள்.

ஓலையின் இயல்பு இதற்கு நேர் எதிரானது. எழுத்தாணி ஓலையின் மேல் எழுதுவதில்லை, ஓலையைக் கீறுகிறது. கீறியபின் கரியும் பச்சிலைச் சாறும் பூசித் துடைத்தால் கீறல்களில் கறை தங்கி எழுத்து துலங்கும். பிள்ளைக்குப் புதுச்சுவடி வரும்போது இதை 'மையாடல்' என்று ஒரு சிறு சடங்காகவே கொண்டாடினார்கள். ஆனால் கீறிய கீறலை ஓலை மறக்காது. தவறான எழுத்தை அடித்துவிட்டு அருகில் சரியானதை எழுதலாம். வந்த தடமே இல்லாமல் நீக்குவது அரிது. ஓலை கிழியுமென்று மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்காமல் எழுதிய மரபு நம்முடையது. எகர ஏகார, ஒகர ஓகாரங்களை இன்றுள்ளபடி வேறுபடுத்தி எழுத 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வரவேண்டியிருந்தது. எழுதும் கருவி எழுத்தின் வடிவத்தையே தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். அன்றைய பள்ளியில் எழுத்து இருந்தது, எழுத்துத் தேர்வு இல்லை. மாணவன் கற்றானா என்பதை ஆசிரியர் அவன் வாயால் அறிந்தார். பாடத்தை ஒப்பிக்க வேண்டும்; இடையில் நிறுத்திக் கேட்டால் தொடர வேண்டும். வாய்த்தேர்வில் தவறு காற்றோடு போய்விடும். நாக்கு பிறழ்ந்தால் ஆசிரியர் திருத்துவார், மாணவன் மறுபடி சொல்வான், அவ்வளவுதான். பிழைக்கு அங்கே ஆவணம் கிடையாது.

ஓலை சாட்சி சொன்ன கதை

அப்படியானால் அழியாத எழுத்து எதற்குத் தேவைப்பட்டது? நிலம், கடன், கொடை, அடிமை ஆகிய வழக்குகளுக்கு. இதற்கு நம் இலக்கியத்திலேயே மிகச் சிறந்த காட்சி உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில், சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு முதிய வேதியர் வந்து, "உன் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை" என்ற பொருள்பட வழக்காடுகிறார். சினம்கொண்ட சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. கிழிபட்டது படியோலைதான், மூல ஓலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் முதியவர். அவையோர் அதை வாங்கி, சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு கையெழுத்தை ஒப்புநோக்கித் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

பக்தியைச் சற்று ஒதுக்கிவைத்துப் பார்த்தால், எழுத்துச் சான்றுக்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் இதில் இருக்கிறது. மூலமும் படியும் வேறு. எழுதியவர் இவரே என்று கையெழுத்து காட்ட வேண்டும். எழுதிய பின் பிறர் கைபட்டு அது மாறியிருத்தல் ஆகாது. மணல் இந்தச் சாட்சியைச் சொல்லாது, ஓலை சொல்லும். கற்பதற்கு அழியும் எழுத்து, சாட்சிக்கு அழியா எழுத்து என்ற பிரிவினை பேனாவும் பென்சிலும் இம்மண்ணுக்கு வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே இங்கு இருந்தது.

தேர்வு ஆவணமாகிறது

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் மெட்ரிகுலேஷன் தேர்வும் அவ்வாண்டே தொடங்கியது. மாணவன் யார் என்று அறியாத ஒருவர், மாணவன் எதிரில் இல்லாத வேறோர் இடத்தில் அமர்ந்து, அவன் எழுதிய தாளை மட்டும் பார்த்து மதிப்பிடுகிற முறை இப்படித்தான் நம் மண்ணில் வேரூன்றியது. திண்ணை ஆசிரியருக்கு மாணவனைத் தெரியும். புதிய தேர்வாளருக்குத் தாளைத்தான் தெரியும். அந்த நிமிடத்திலிருந்து விடைத்தாள் பாடப் பயிற்சியாக இருப்பது நின்று, ஓர் ஆவணமாக மாறிவிட்டது. திருவெண்ணெய்நல்லூர் அவை கேட்ட கேள்விகளை இனி விடைத்தாளிடமும் கேட்டாக வேண்டும். ஆவணம் என்றால் மைதானே?

அந்தப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக பி.ஏ. பட்டம் பெற்றவர்கள் இருவர். இருவருமே யாழ்ப்பாணத்தவர்: சி.வை. தாமோதரம் பிள்ளையும் அவருடைய ஆசிரியர் விசுவநாத பிள்ளையும். புதிய எழுத்துத் தேர்வில் மையால் எழுதி வென்ற அதே தாமோதரம் பிள்ளை, பின்னாளில் சிதைந்துகொண்டிருந்த ஓலைச்சுவடிகளைத் தேடி எடுத்து அச்சேற்றினார். தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885-லும் கலித்தொகை 1887-லும் அவர் கைவழியே வெளிவந்தன. தொட்டால் உதிரும் ஏடுகளைப் பற்றி அவர் பதிப்புரைகளில் வருந்தியிருப்பதைப் படித்தவர்கள், அழியா எழுத்தும் அழியும் என்பதை அறிவார்கள். ஓலைக்கும் மைக்கும் நடுவே நின்ற தலைமுறை அது.

தேர்வறைக்கு மை வந்தது, ஆனால் வகுப்பறையிலிருந்து அழியும் எழுத்து போய்விடவில்லை. மணலின் இடத்தைச் சிலேட்டு பிடித்தது, விரலின் இடத்தைப் பலப்பம் பிடித்தது. எச்சில் தொட்டும் கோவை இலையைக் கசக்கியும் சிலேட்டைத் துடைத்த கை இன்றும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். காகிதம் விலையுயர்ந்த பொருளாக இருந்தவரை ஏழை வீட்டுப் பிள்ளையின் குறிப்பேடு சிலேட்டுதான்.

கணித மேதை இராமானுஜன் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் துடைத்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் மையால் எழுதிவைத்தார் என்பது அவர் வாழ்வை எழுதிய யாவரும் சொல்லும் செய்தி. துடைத்தெறிந்த வழிமுறைகளைத் தேடிக் கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். அதே இராமானுஜன் கல்லூரியின் எஃப்.ஏ. தேர்வில் கும்பகோணத்திலும் சென்னையிலும் தேறாமல் போனார். கணிதம் தவிர்த்த பிற பாடங்களில் அவர் மனம் செல்லாததே காரணம்; எழுதுகோலின்மீது பழிபோட முடியாது. ஆயினும் சிலேட்டில் நடந்த சிந்தனைக்கும் தேர்வுத்தாளில் நின்ற ஆவணத்திற்கும் உள்ள தூரத்தை நினைக்கும்போதெல்லாம் நமக்கு அவர் நினைவு வருகிறது.

மலையேறிய பேனா

இனி அடுக்கத்துப் பெண்ணின் பேனாவுக்கு வருவோம். 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் கோடைக்கானலில் குடியேறத் தொடங்கியபோது இம்மலைக்கு வண்டிப்பாதை கிடையாது. பெரியகுளத்துப் பக்கத்திலிருந்து செண்பகனூருக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் ஆளும் பொருளும் தோள்சுமையாகவே மேலே சென்றன. 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் வத்தலக்குண்டுப் பக்கமிருந்து கார்ச்சாலை வரும்வரை நிலைமை அதுதான். பள்ளிக்கு வேண்டிய காகிதமும் மையும் பென்சிலும் அந்தச் சுமைகளோடு சுமையாகத்தான் ஏறியிருக்க வேண்டும்.

மலைக்கும் மைப்பேனாவுக்கும் ஆகாது. இது வெறும் பேச்சன்று, இயற்பியல். பெரியகுளம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். கீழிருந்து மேலே செல்வதற்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பேனாவின் மைக்குழாயில் அடைபட்ட காற்று விரிகிறது. விரியும் காற்று மையை நிப்பின் வழியே வெளியே தள்ளுகிறது. பாதி மை, பாதி காற்று என்று இருக்கும் பேனாதான் அதிகம் கசியும். முழுதும் நிரப்பிய பேனாவில் காற்று குறைவு, கசிவும் குறைவு. இந்த இரகசியம் தெரியாமல் சட்டைப்பையில் நீலப்பூ பூத்தவர்கள் மலையூர்களில் எத்தனை பேரோ! மூடுபனிக் காலத்தில் ஈரம் ஏறிய காகிதத்தில் மை பரவிக் கசியும் தொல்லை வேறு.

பென்சிலுக்கு இந்தத் தொல்லைகள் எவையும் இல்லை. அழுத்தம் குறைந்தாலும் பனி பெய்தாலும் அது எழுதும். கிராஃபைட் என்ற கரியையும் களிமண்ணையும் கலந்து சுட்டெடுத்த குச்சி அது. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் என்னுமிடத்தில் தூய கிராஃபைட் கிடைத்தபோது அதை ஈயத்தின் ஒரு வகை என்றே எண்ணினார்கள். நம் மொழியிலும் 'காரீயக் குச்சி' என்ற பெயர் அந்தப் பிழையால் நின்றது. அது கரியே என்று 1779-ல் ஷீலே என்ற வேதியியலர் காட்டினார். களிமண் கலந்து கடினத்தை வேண்டியபடி கூட்டிக் குறைக்கும் முறையை 1795-ல் பிரான்சில் கோந்தே கண்டார். இலங்கையின் கிராஃபைட் 19-ஆம் நூற்றாண்டிலேயே உலகச் சந்தைக்குச் சென்றது. நம் சிவகங்கைச் சீமையின் மண்ணுக்குள்ளும் கிராஃபைட் உண்டு; தமிழ்நாடு கனிம நிறுவனம் அதை வெட்டியெடுக்கிறது. பென்சிலை அந்நியப் பொருள் என்று நாம் தள்ளிவைக்கக் காரணமில்லை.

நாம் பத்தாம் வகுப்பு எழுதிய காலத்தில் மைப்பேனா விடைபெற்றுக்கொண்டிருந்தது. பிரில் மைப்புட்டியும் மை நிரப்பியும் வீட்டில் இருந்தன. சட்டைப்பையில் இருந்ததோ வெள்ளை உடலும் நீல மூடியும் கொண்ட ரெனால்ட்ஸ். பந்துமுனைப் பேனாவால் எழுதினால் கையெழுத்து கெட்டுவிடும் என்று எச்சரித்த ஆசிரியர்கள்கூட, தேர்வுநாளன்று கசியாத பேனாவையே கொண்டுவரச் சொன்னார்கள். மலையூர்ப் பிள்ளைகளுக்கு அந்த மாற்றம் நம்மைவிடப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். எனினும் ஒன்று மாறவில்லை: மைப்பேனா ஆனாலும் பந்துமுனை ஆனாலும் எழுதியது எழுதியதுதான்.

பென்சில் வென்ற ஒரு தேர்வு

உலகில் எங்கும் பேனாவே வென்றது என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் பென்சில் வென்றது, அதுவும் வேறொரு காரணத்தால். 1938-ல் ஐ.பி.எம். நிறுவனம் விடைத்தாள் திருத்தும் இயந்திரம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடிப்படையான கருத்தைக் கண்டவர் ரெனால்ட் ஜான்சன் என்ற பள்ளி ஆசிரியர். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். மாணவன் பென்சிலால் தீட்டிய இடத்தில் மின்சாரம் பாயும். தீட்டாத இடத்தில் பாயாது. இயந்திரம் அதை அளந்து மதிப்பெண் சொல்லிவிடும். மையால் எழுதினால் இயந்திரத்துக்குக் கண் தெரியாது! பின்னர் ஒளியால் படிக்கும் இயந்திரங்கள் வந்தபோதும் பென்சில் பழக்கம் தொடர்ந்தது.

அடுக்கத்திலிருந்து மேலே ஏறினால் வரும் கோடைக்கானலில், அமெரிக்க மிஷனரிகள் தம் பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கிய ஹைகிளர்க் பள்ளி இருக்கிறது. 1970களில் அது கோடைக்கானல் சர்வதேசப் பள்ளி ஆயிற்று. அமெரிக்கக் கல்லூரிக்குச் செல்ல விரும்பி எஸ்.ஏ.டி. தேர்வெழுதிய மாணவர் எவரும், உலகின் எந்த மூலையில் இருந்தாலும், அது கணினிக்கு மாறும்வரை பென்சிலால்தான் வட்டங்களை நிரப்பினார்கள். அதே மலையில் அரசுத் தேர்வெழுதும் பிள்ளைக்கோ நீல மை அல்லது கருப்பு மை. பென்சில் படம் வரைய மட்டும். இதனால் ஒரு பிள்ளையை நம்பினார்கள், மற்றொன்றை நம்பவில்லை என்று பொருளாகாது. ஒன்றைத் திருத்தியது இயந்திரம், மற்றொன்றைத் திருத்தியது மனிதர். அவ்வளவே வேறுபாடு.

வட்டம் நிரப்பும் ஓ.எம்.ஆர். தாள் நம் நாட்டுப் போட்டித் தேர்வுகளுக்கு வந்தபோது, ஹெச்.பி. பென்சிலும் கூடவே வந்தது. சில காலம் பென்சில் ஆட்சி செய்தது. பிறகு ஒவ்வொரு தேர்வாகப் பந்துமுனைப் பேனாவுக்கு மாறிவிட்டன. இயந்திரத்துக்குப் பென்சிலும் பேனாவும் ஒன்றாகத் தெரியத் தொடங்கியபின், பழைய அச்சம் திரும்பி வந்தது: தாள் மாணவன் கையைவிட்டுப் போனபின் யாரேனும் அழித்து எழுதினால்? மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில், அண்மை ஆண்டுகளில், மாணவர் தம் சொந்தப் பேனாவைக்கூட உள்ளே கொண்டுசெல்ல முடியவில்லை. மையத்தில் தரும் கருப்புப் பேனாவால்தான் நிரப்ப வேண்டியிருந்தது.

இராமேசுவரத்தில் மறைந்த மை

அந்த அச்சம் வீண் அச்சம் அன்று என்பதைத் தமிழ்நாடே கண்டது. 2019 செப்டம்பர் 1 அன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப் 4 தேர்வை நடத்தியது. முடிவு வந்தபோது, தரவரிசையின் முன்னிடங்களில் இராமேசுவரம், கீழக்கரை ஆகிய இரண்டே மையங்களில் எழுதியவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். ஐயம் எழுந்தது, விசாரணை நடந்தது. 2020 சனவரியில் ஆணையம் வெளியிட்ட செய்தி பலரைத் திடுக்கிட வைத்தது. எழுதிய சில மணி நேரத்தில் மறைந்துவிடும் மையால் சிலர் விடைகளைக் குறித்திருக்கிறார்கள். தாள்கள் சென்னைக்குச் செல்லும் வழியில், இடைத்தரகர்கள் துணையோடு, வெறுமையான தாளில் சரியான விடைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. 99 பேர் வாழ்நாள் முழுதும் ஆணையத்தின் தேர்வுகளை எழுதத் தடைவிதிக்கப்பட்டது. வழக்கைக் குற்றப்பிரிவு குற்றப்புலனாய்வுத் துறை விசாரித்தது.

என்ன நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். பேனாவின் தோற்றத்தில் ஒரு பென்சில் தேர்வறைக்குள் நுழைந்திருக்கிறது! அதன்பின் ஆணையம் விதிகளை இறுக்கியது. விடை தெரியாவிட்டால் அதற்கென ஐந்தாவதாக ஒரு வட்டம். அதையும் நிரப்பியாக வேண்டும். எந்தெந்த எழுத்தில் எத்தனை வட்டம் நிரப்பினோம் என்று எண்ணி எழுத வேண்டியிருந்தது. வெற்றிடம் என்று ஒன்றும் விடக்கூடாது. வெற்றிடம் இருந்தால் பிறர் கை நுழையும்.

அடுக்கத்துப் பெண்ணின் கேள்விக்கு இங்கேதான் நமக்குப் பாதி விடை கிடைத்தது. பேனா அவள் தவற்றைத் தண்டிக்க வந்த கருவி அன்று. அவள் எழுதியதை அவள் அறியாமல் மற்றவர் மாற்றிவிடாதபடி காக்க வந்த கருவி. ஓலைக் காலத்திலிருந்து அதன் வேலை அதுதான். ஏழைப் பிள்ளைக்கும் செல்வாக்கு இல்லாத பிள்ளைக்கும் இந்தக் காவல் மிகவும் தேவை. செல்வாக்கு உள்ளவனுக்கு மறையும் மையை வாங்கித் தரவும் ஆள் உண்டு.

மீதிப் பாதி

இஃது இவ்வாறிருக்க, மீதிப் பாதி நமக்கு அத்தனை இனிமையாக இல்லை. பேனா அழிக்கவிடாது, அடிக்கவாவது விடுமா?

2010களில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகள் நெருங்கும்போதெல்லாம் அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எழுதிய விடைகள் அனைத்தையும் தாமே கோடிட்டு அடித்துவிடும் மாணவர், ஒழுங்கீனம் செய்தவராகக் கருதப்படுவார். அவர் முடிவு நிறுத்திவைக்கப்படும். அடுத்த இரண்டு பருவங்கள் தேர்வெழுத அனுமதியில்லை என்பது அதன் சாரம். குறைந்த மதிப்பெண்ணோடு தேறிவிடுவதைவிடத் தவறி மறுபடி எழுதினால் மேலான கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று எண்ணிய பிள்ளைகள், மணி அடிக்கும் நேரத்தில் தம் விடைகளைத் தாமே குறுக்குக் கோடிட்டு அடித்தார்கள். அவர்களைத் தடுக்க எழுந்த விதி அது. பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அத்தனையும் தன் கையாலேயே அடிக்கும் பதினேழு வயதுப் பிள்ளையின் மனத்தை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். நிர்வாகத்துக்குரிய காரணங்களை நாம் மறுக்கவில்லை. ஆனால் பேனா அவளுடைய எழுத்தை அவளுடையதாகக் காக்கிறது என்றால், அதை வேண்டாம் என்று சொல்வதும் அவளுடைய உரிமையில் ஒரு பகுதி அல்லவா? இந்தக் கேள்விக்கு அந்த அறிவிப்பில் இடமில்லை.

அரசை மட்டும் சொல்லிப் பயனில்லை. 'அடித்தல் திருத்தல் இன்றி' என்ற சொற்றொடர் பத்திரங்களுக்கும் விண்ணப்பங்களுக்கும் உரியது. அதை விடைத்தாளுக்கும் கொண்டுவந்தவர்கள் நாம், ஆசிரியர்கள்தாம். மதிப்பீட்டு அறையில் அமர்ந்து கட்டுக்கட்டாகத் தாள்களைப் புரட்டும்போது, அடித்தல் இல்லாத தாளைக் கண்டால் நம் சிவப்பு மை தாராளமாகிவிடுகிறது. நான்கு இடத்தில் அடித்து எழுதிய தாளைக் கண்டால், உள்ளே படிக்கும் முன்பே கை இறுகிவிடுகிறது. நாமும் அப்படிச் செய்திருக்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்கிறோம். ஆனால் அடித்த இடம்தான் மாணவன் சிந்தித்த இடம். மனப்பாடம் செய்தவனுக்கு அடிக்க ஒன்றும் இராது. இராமானுஜனின் சிலேட்டில் முழங்கை துடைத்துவிட்டதை, இந்தத் தாளில் ஒரு கோடு நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. கற்பதன் தடம் அதுவே என்று கொள்ளாமல், அழுக்கு என்று கொண்டுவிட்டோம்.

சுவடிகளில் பழகியவர்களுக்கு இது தெரிந்ததுதான். ஓலையில் அடிக்கப்பட்ட எழுத்தைப் பதிப்பாசிரியர்கள் வீசி எறிவதில்லை. எழுதியவர் எங்கே தயங்கினார், முன்னே என்ன எழுதினார், ஏன் மாற்றினார் என்று அதிலிருந்து பாடம் கண்டுபிடிக்கிறார்கள். ஓலைக்குக் காட்டும் அந்தப் பொறுமையில் சிறிது பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தாளுக்கும் காட்டினால் என்ன?

ஊருக்குத் திரும்பியபின் அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதினோம், பேனாவால்தான். வீட்டில் கணக்குப் போடவும் கட்டுரை முன்வரைவு எழுதவும் பென்சிலையோ சிலேட்டையோ விடவேண்டாம் என்றும், எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்துக்கொள்ளலாம் என்றும் எழுதினோம். தேர்வில் பேனா ஏன் என்பதற்கு இராமேசுவரத்துக் கதையைச் சுருக்கமாகச் சொன்னோம். தவறு வந்தால் எழுத்தின்மேல் எழுத்தாக எழுதாமல், ஒரே ஒரு கோடிட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானதைத் தெளிவாக எழுதச் சொன்னோம். மலையேறி இறங்கும் நாள்களில் மைப்பேனா வைத்துக்கொள்வதானால் முழுக்க நிரப்பி நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று ஒரு பின்குறிப்பும் சேர்த்தோம்.

கடிதத்தை முடிக்கும்போது நம் கையெழுத்தில் இரண்டு இடத்தில் அடித்தல் இருந்தது. வேறு தாளில் நகல் எடுத்து எழுதலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படியே உறையில் இட்டு அனுப்பிவிட்டோம்.